இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்: மியாட்டாவா, ஜிஆர்86-ஆ, நிஸான் இசட்டா, கார்வெட்டா?

டல்லஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் கூப்பிட்டான். "அண்ணா, பசங்க ரெண்டு பேரும் காலேஜ் போயாச்சு. வீட்டுல எஸ்யூவி ஒண்ணு நிக்குது. எனக்குன்னு ரெண்டு சீட்டு வண்டி ஒண்ணு வாங்கணும். முப்பதாயிரம் டாலர்ல ஆரம்பிச்சு எழுபதாயிரம் வரைக்கும் பாத்துட்டேன், தலை சுத்துது." அதே வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பியும் இதையே கேட்டான். அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இருக்கப்போவது ஒரே வண்டி. கேள்வி ஒன்றுதான், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் கொலம்பஸ், ஒஹாயோவில் இருக்கிறேன். ஏழு வருடமாக மியாட்டா ஓட்டுகிறேன். அந்தச் சாய்வு எனக்கு உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, கையை விட்டுப் போகும் மொத்தத் தொகை. ஊரில் ஆன்-ரோடு விலை என்போமே, அதற்கு இங்கே அவுட்-த-டோர் என்று பெயர். ஸ்டிக்கர் விலை (தொழிற்சாலை குறித்து ஒட்டும் விலை), சரக்குக் கட்டணம், விற்பனை வரி, பதிவு, டீலரின் ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்ந்தது. நல்ல விலையா இல்லையா என்பதை இந்தத் தொகையை வைத்து மட்டும் பேசுங்கள்.

இரண்டாவது, அடுத்த ஐந்து வருடச் செலவு: காப்பீடு, டயர், பெட்ரோல், திரும்ப விற்கும்போது கிடைப்பது. மூன்றாவது, உங்கள் உடம்பும் உங்கள் வாழ்க்கையும் அந்த வண்டிக்குள் அடங்குமா. நான்காவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்: நீங்கள் தினமும் போகும் சாலையில், போலீஸ் பிடிக்காத வேகத்தில், அந்த வண்டி சந்தோஷம் தருமா? 400 குதிரைத்திறனை முழுதாக மிதிக்க மூன்று நொடி கூட இடம் தராத நெடுஞ்சாலையில்தான் நம்மில் பலர் ஓட்டுகிறோம்.

| வண்டி | தொடக்க விலை (டாலர், சுமார், சரக்குக் கட்டணம் தவிர) | குதிரைத்திறன் | எடை (பவுண்டு, சுமார்) | டிக்கி (கன அடி) | காலனுக்கு மைல் (சராசரி) |
|---|---|---|---|---|---|
| மாஸ்டா மியாட்டா | 30,000 | 181 | 2,350 | 4.6 | 29 |
| டொயோட்டா ஜிஆர்86 | 30,000 முதல் 31,000 | 228 | 2,800 | 6.3 | 22 |
| நிஸான் இசட் | 43,000 | 400 | 3,500 | 6.9 | 20 |
| செவ்ரோலே கார்வெட் ஸ்டிங்ரே | 70,000 | 490 | 3,650 | 12.6 | 19 |

மைல் கணக்கு முதல் மூன்றுக்கும் கையால் கியர் மாற்றும் வண்டிக்கானது. கார்வெட்டில் அந்த வகையே இல்லை.

## மியாட்டா

1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான வண்டி. 2016-லேயே உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது. இப்போதைய நான்காம் தலைமுறை 2015-ல் வந்தது. 2019 மாடலில் இன்ஜின் 155-லிருந்து 181 குதிரைத்திறனுக்கு ஏறியது, ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் இழுக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது.

இதன் ரகசியம் எடை. ஆயிரத்து அறுபது கிலோ சொச்சம்தான். அதனால் 40 மைல் வேகத்தில் ஒரு வளைவில் திரும்பினாலே ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவு வரும். எங்கள் மாநிலத்தில் ஸேன்ஸ்வில்லிலிருந்து லிட்டில் ஹாக்கிங் வரை போகும் 555-ஆம் எண் சாலை சுமார் 60 மைல் நீளம், பெரும்பாலும் வளைவும் மேடும்தான். அங்கே நான் கியர் மாற்றி மாற்றிக் களைத்துப்போய் இறங்கிய நாளிலும் வேகமானி பெரும்பாலும் சட்டத்துக்குள்ளேதான் இருந்தது.

கூரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் கண்ணாடிக்கு மேலே நடுவில் இருக்கும் ஒரே கொக்கியை அவிழ்த்து, துணிக்கூரையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் தள்ளி, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பச்சை விழுவதற்குள் முடிந்துவிடும். மோட்டார் இல்லை, அதனால் பழுதாகவும் ஒன்றுமில்லை.

குறைகளும் உண்டு. டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியே கிடையாது. வண்டிக் காகிதம் எல்லாம் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பின்னால் இருக்கும் சின்ன அறையில்தான் போகும். டிக்கியில் இரண்டு கேபின் பெட்டி வைக்கலாம், அல்லது 20 பவுண்டு அரிசி மூட்டை ஒன்றும் ஒரு வாரக் காய்கறியும். ஆறடி ஒரு அங்குலத்துக்கு மேல் உயரம் என்றால் கூரையை மூடி, அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் 70-ஐத் தாண்டினால் சத்தம் அதிகம். போனில் பேச முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகை? ஸ்போர்ட் தான் மலிவு, ஆனால் அதில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (வளைவில் ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) கிடையாது. கையால் கியர் மாற்றும் கிளப் வகையில் அதுவும் பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தே வரும். மூவாயிரம் நாலாயிரம் டாலர் கூடுதல், கொடுத்த காசு ஒவ்வொரு வளைவிலும் தெரியும். அந்த வகையிலேயே பிரெம்போ பிரேக், ரெக்காரோ சீட் என்று இன்னொரு தொகுப்பைக் காட்டுவார்கள். ரேஸ் டிராக்குக்குப் போகாதவர்களுக்கு அது தேவையில்லை. ஆர்எஃப் என்ற கடினக்கூரை வகை பார்க்க மிக அழகு, பொத்தானை அழுத்தினால் 13 நொடியில் திறக்கும். ஆனால் ஐம்பது கிலோ கூடுதல் எடை, கூடுதல் விலை. திறந்து ஓட்டும்போது பின்தூணில் காற்று சுழன்று இரையும். வண்டி இரவில் தெருவில்தான் நிற்கும் என்றால் மட்டும் ஆர்எஃப் எடுங்கள். துணியைக் கத்தியால் கிழிப்பவர்கள் பெரிய நகரங்களில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால், வளைந்த சாலை பக்கத்தில் இருந்தால், இதுதான் என் முதல் பரிந்துரை.

## ஜிஆர்86

கண்டிப்பாகச் சொன்னால் இது நாலு சீட்டு. பின்சீட்டில் பெரியவர் உட்கார முடியாது, ஆனால் குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி உண்டு. அந்தப் பின்சீட்டை மடக்கிப் போட்டால் ரேஸ் டிராக்குக்கு வேண்டிய மாற்று டயர் நாலையும் உள்ளே ஏற்றலாம். ஒரே வண்டிதான் இருக்கப்போகிறது என்று சொன்ன தம்பிக்கு இதைத்தான் சொன்னேன். சுபாருவின் பிஆர்இசட் இதன் இரட்டைப் பிறவி. இரண்டும் குன்மாவில் சுபாரு ஆலையிலேயே பிறக்கின்றன. சஸ்பென்ஷன் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி.

2.4 லிட்டர் பாக்ஸர் இன்ஜின். டார்சன் என்ற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அடிப்படை வகையிலேயே வரும். மியாட்டாவில் மேல் வகைக்குப் போனால்தான் கிடைப்பது இங்கே தொடக்க விலையிலேயே கிடைப்பதால், விலைக்கு விலை பார்த்தால் இதுதான் ஜெயிக்கிறது.

டிராக் ஆசை இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு காரணம். ஒன்று, புது ஜிஆர்86 வாங்கினால் நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷனில் ஒரு வருட உறுப்பினர் சேர்க்கையும் ஒரு டிராக் நாள் பயிற்சியும் இலவசம். இரண்டாவது, பல டிராக்குகளில் திறந்த கூரை வண்டிக்கு ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளையம்) கேட்பார்கள். மியாட்டாவில் அது தனிச்செலவு, இங்கே நிலைக்கூரை இருப்பதால் அந்தக் கேள்வியே எழாது.

என் மனது இதில் ஏன் ஒட்டவில்லை என்றால், வானம் தெரியாது, அவ்வளவுதான். அக்டோபர் மாலையில் இலை உதிரும் சாலையில் கூரை திறந்து போன பிறகு மூடிய வண்டி எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உங்களுக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்றில்லை.

## நிஸான் இசட்

இரட்டை டர்போ வி6, 400 குதிரைத்திறன், அசல் இரண்டு சீட்டு. நேர்ச்சாலையில் முந்திப் போகும்போது முதுகைச் சீட்டோடு சேர்த்து அழுத்தும். டெக்சாஸ் மாதிரி நேர்கோடாகப் போகும் ஊரில் இதற்கு மதிப்பு அதிகம்.

விலையில் ஒரு கண்ணி இருக்கிறது. தொடக்க வகையான ஸ்போர்ட்டிலும் 400 குதிரைத்திறன் முழுதாக உண்டு, ஆனால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் பெரிய பிரேக்கும் பெர்ஃபார்மன்ஸ் வகையில்தான். இரண்டுக்கும் வித்தியாசம் பத்தாயிரம் டாலர் அளவுக்குப் போகும். இவ்வளவு வேகமான வண்டியில் சின்ன பிரேக்கோடு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் இதன் உண்மையான விலை ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றே கணக்குப் போடுங்கள். அதற்கு மேலே இருக்கும் நிஸ்மோ 420 குதிரைத்திறன், விலை அறுபத்தைந்தாயிரம் பக்கம். அந்தப் பணத்தில் கார்வெட் வாசலில் நிற்கலாம்.

பேரம் பேச இடம் இருப்பது இங்கேதான். அறிமுகமான 2022-23-ல் ஸ்டிக்கருக்கு மேலே கேட்டவர்கள் இருந்தார்கள், பின்னாளில் அந்த ஆவேசம் அடங்கிவிட்டது. போன வருட மாடல் டீலரின் லாட்டில் நின்றால் ஸ்டிக்கரிலிருந்து சில ஆயிரம் குறைத்துக் கேட்கத் தயங்காதீர்கள்.

## கார்வெட் ஸ்டிங்ரே

2020 மாடலிலிருந்து இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் போய்விட்டது. 6.2 லிட்டர் வி8, எட்டு கியர் டூயல் கிளட்ச், அதாவது தானாகவே கியர் மாறும், கிளட்ச் மிதி கிடையாது. இடது காலுக்கு வேலை வேண்டும் என்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம். இந்த அமைப்பில் ஓர் ஐரோப்பிய வண்டி வாங்கப் போனால் விலை எங்கேயோ இருக்கும். எழுபதாயிரம் பெரிய தொகைதான், ஆனால் அதற்குக் கிடைப்பதைப் பார்த்தால் நான்கிலும் மிக மலிவு இதுதான் என்று வாதாடலாம்.

ஆச்சரியம், சாமான் வைக்கவும் இதுதான் நல்ல வண்டி. முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி. கூரைப் பலகையைக் கழற்றிப் பின்னால் வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு வாரப் பயணம் போகலாம்.

செலவு டயரில் தொடங்குகிறது. முன்னால் 19 அங்குலம், பின்னால் 20 அங்குலம், பின் டயரின் அகலம் 305 மில்லிமீட்டர். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் முடியாது. மியாட்டாவுக்கு நான்கு டயர் மாற்றும் பணம் இங்கே இரண்டுக்குப் போதுமா என்பதே சந்தேகம்.

இன்னொரு பக்கம், வேறு மூன்றுக்கும் இல்லாத ஒரு சலுகை இதற்கு உண்டு. 2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் முடிவாகப் பொருத்தப்பட்ட புது வண்டியின் கடன் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வருமானவரியில் கழித்துக்கொள்ளலாம். தனிநபர் வருமானம் ஒரு லட்சம், தம்பதி என்றால் இரண்டு லட்சம் தாண்டினால் இது குறைந்துகொண்டே போகும். கார்வெட் கென்டக்கியின் பௌலிங் கிரீனில் உருவாகிறது. மற்ற மூன்றின் விஐஎன் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) ஜப்பானைக் குறிக்கும் எழுத்தில் தொடங்கும், அவற்றுக்கு இது கிடைக்காது. அவை மூன்றும் இறக்குமதி என்பதால் சுங்கவரியின் ஏற்ற இறக்கமும் உண்டு. 2025 ஏப்ரலில் 25 சதவீதம் கூடுதலாக வந்தது, செப்டம்பரில் ஜப்பான் வண்டிகளுக்கு மொத்தம் 15 என்று இறங்கியது.

பிள்ளைகளின் படிப்புச் செலவு முடிந்து, பணமும் கையில் இருந்து, ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டும் பழக்கமும் இருந்தால் இதை எடுங்கள். டல்லஸ் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்.

## சுப்ராவும் இசட்4-உம்

டொயோட்டா சுப்ராவும் பிஎம்டபிள்யூ இசட்4-உம் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரே ஆலையில் பிறந்தவை. இரண்டின் கதையும் 2026-ஓடு முடிகிறது. மிச்சம் நிற்கும் புது வண்டி தள்ளுபடியில் கிடைத்தால் யோசிக்கலாம். சாதாரண விலைக்கு வேண்டாம்.

## ஸ்டிக்கரில் தெரியாத செலவுகள்

பெட்ரோலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்குமே பிரீமியம் பெட்ரோல் கேட்பவை. வருடம் 8,000 மைல், காலன் 4 டாலர் என்றால் மியாட்டாவுக்கு 1,100 டாலர், ஜிஆர்86-க்கு 1,450, இசட்டுக்கு 1,600, கார்வெட்டுக்கு 1,680. கார்வெட்டுக்கும் மியாட்டாவுக்கும் மாதம் ஐம்பது டாலர்தான் வித்தியாசம். முடிவை மாற்றும் செலவு இது இல்லை.

காப்பீடு மாற்றும். வண்டியின் விஐஎன் எண்ணை டீலரிடம் வாங்கி, கையெழுத்துக்கு முன்பே மூன்று நிறுவனங்களில் விலை கேளுங்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 400 குதிரைத்திறன் என்றால் அந்த எண்ணைப் பார்த்த இடத்திலேயே ஆசை அடங்கிவிடலாம்.

பனி விழும் ஊரில் இருப்பவர்கள் டயரைக் கவனியுங்கள். பல வகைகளில் கோடை டயர்தான் வரும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிவிடும், பிடிமானம் போய்விடும். தனிக் குளிர்கால டயர் வாங்க வேண்டும், அல்லது நான் செய்வது போல நவம்பர் கடைசியில் கராஜில் நிறுத்தி, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, மார்ச்சில் மழை சாலை உப்பைக் கழுவிய பிறகு எடுக்க வேண்டும். அப்படியென்றால் இன்னொரு வண்டி கட்டாயம், அதன் செலவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கடன் வட்டியை அசட்டை செய்யாதீர்கள். 35,000 டாலரை ஐந்து வருடக் கடனாக 7 சதவீதத்தில் வாங்கினால் வட்டி மட்டும் 6,580 டாலர். அதுவே 4 சதவீதத்தில் 3,670. டீலரிடம் இரண்டு நாள் பேரம் பேசிக் குறைக்கும் தொகையைவிட இது பெரிது. கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு வங்கி) கடனுக்கு முன் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். டீலர் அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் அவரிடமே எடுக்கலாம்.

## நல்ல விலைக்கு வாங்குவது

நான் மியாட்டா தேடியபோது நடந்தது இது. ஒரு டீலர்ஷிப்பில் கண்ணாடியில் தொழிற்சாலை ஸ்டிக்கர், அதற்குப் பக்கத்திலேயே அதே அளவில், அதே எழுத்தில் இன்னொரு தாள். டயரில் நைட்ரஜன் 199, பெயின்ட் பாதுகாப்பு 1,295, கடைசி வரியில் "மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்" என்ற பெயரில் டீலர் ஏற்றியது 3,000. நைட்ரஜனையும் பெயின்ட்டையும் எடுத்துவிடச் சொன்னேன். "ஏற்கனவே போட்டாச்சு சார்" என்றார் விற்பனையாளர். வண்டியில் ஓடோமீட்டர் 6 மைல் காட்டியது, கதவோரத்தில் கப்பலில் வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம் செய்ததுதான் வேலை செய்தது. வேண்டிய வகை, நிறம் இரண்டு, கியர் என்று தெளிவாக எழுதி, 200 மைல் சுற்றளவில் ஒன்பது டீலர்களுக்கு ஒரே மின்னஞ்சல்: "அவுட்-த-டோர் விலையை ஒவ்வொரு வரியாகப் பிரித்து அனுப்புங்கள், மிகக் குறைந்த விலை தருபவரிடம் இந்த வாரமே வாங்குகிறேன்." ஐந்து பேர் பதில் போட்டார்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் 4,100 டாலர் வித்தியாசம், அதே வண்டிக்கு. இரண்டரை மணி நேரம் ஓட்டிப் போய் வாங்கி வந்தேன். அது ஜனவரி மாதம், வெளியே ஒரு அடி பனி. கூரை திறக்கும் வண்டியை யாரும் எட்டிக்கூடப் பார்க்காத நாள். வட மாநிலங்களில் இருப்பவர்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வாங்குங்கள். ஏப்ரலில் வெயில் வந்ததும் அதே விற்பனையாளர் போனையே எடுக்க மாட்டார்.

வரியையும் ஆவணக் கட்டணத்தையும் மாநிலம் பார்த்துக் கணக்கிடுங்கள். கலிபோர்னியாவில் ஆவணக் கட்டணத்துக்கு 85 டாலர் உச்சவரம்பு, புளோரிடாவில் வரம்பே இல்லை. பழைய வண்டியைக் கொடுத்துப் புதிது எடுத்தால் ஒஹாயோவில் அதன் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் வரி, கலிபோர்னியாவில் முழு விலைக்கும் வரி. பதினைந்தாயிரம் மதிப்புள்ள பழைய வண்டி, 8 சதவீத வரி என்றால் 1,200 டாலர் மிச்சம். வெளியே விற்றால் அதைவிடக் கூடக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, போன வருட மாடலைத் தள்ளுபடியில் எடுக்கிறீர்கள் என்றால் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பல மாதம் ஒரே இடத்தில் நின்ற வண்டியில் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது 50 மைல் வேகத்தில் ஸ்டியரிங்கில் அதிர்வு வந்தால், பத்து மைல் ஓடியும் அது போகாவிட்டால், புது டயரும் புது பேட்டரியும் போட்டுத் தருவதாக விற்பனைத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.